சிவனொளிபாதமலைக்கு நாலரை வயதுப் பிள்ளையைக் கூட்டிப்போகலாமா?

கேள்வி: நாங்கள் உப்புவெளியில் இருக்கிறோம். மாசிப் போயா லீவுக்கு இவருடைய நண்பர்களின் குடும்பங்களோடு வான் பிடித்துச் சிவனொளிபாதமலைக்குப் போக இருக்கிறோம். பின்னேரம் வெளிக்கிட்டு, இரவோடு இரவாக ஏறி, சூரிய உதயம் பார்த்துவிட்டு இறங்குவதாகப் பேச்சு. மகனுக்கு நாலரை வயது. போன வருடம் இரண்டு தரம் முட்டு வந்து ஆஸ்பத்திரியில் நெபுலைசர் வைத்தார்கள். மேலே ஒட்சிசன் காணாது என்று மாமி பயப்படுத்துகிறா. இவரோ, நடக்க ஏலாவிட்டால் தோளில் தூக்கிக்கொண்டு ஏறுவேன் என்கிறார். கூட்டிப்போகலாமா டொக்டர்?

பதில்: முதலில் மாமியின் பயத்தைத் தீர்த்துவிடுவோம். சிவனொளிபாதமலையின் உயரம் 2243 மீற்றர். உயரத்தால் வரும் தலையிடி, சத்தியெல்லாம் பெரும்பாலும் 2500 மீற்றருக்கு மேலேதான் தொல்லை தரும். அதுவும் அங்கேயே படுத்து எழும்பினால்தான் கூட. நுவரெலியா நகரமே 1868 மீற்றரில் இருக்கிறது. அங்கே பிள்ளைகள் பிறந்து, வளர்ந்து, பள்ளிக்கூடத்து மைதானத்தில் ஓடித் திரிகிறார்கள். ஆகவே ஒட்சிசன் பற்றிக் கவலை வேண்டாம்.

எனக்குப் பிடிக்காதது உங்கள் இவரின் தோள்.

ஆயிரம் மீற்றர் ஏறினால் ஏறக்குறைய ஆறரைப் பாகை செல்சியஸ் குறையும். மாசி இரவில் உப்புவெளியில் 24, 25 பாகை இருக்கும்போது, உச்சியில் பத்துப் பாகைக்குக் கிட்ட நிற்கும். காற்று அடித்தால் உடம்புக்கு அதைவிடக் குறைவாகத் தெரியும். ஏறுகிற தகப்பனுக்கு வேர்த்துக் கொட்டும், அவர் ஜேர்சியைக் கழற்றி இடுப்பில் கட்டுவார். தோளில் இருப்பவனோ அசையாமல் இருக்கிறான். சின்னப் பிள்ளையின் உடம்பு, நிறையோடு பார்க்கும்போது தோல் பரப்புக் கூடியது. சூட்டை எங்களைவிட வேகமாக இழக்கும். தூக்குபவர் தன் உடம்பை வைத்துக் குளிரை மதிப்பிட்டால் கணக்குப் பிழைக்கும். போதாததற்கு ஈரமும் விடியப்புறக் காற்றும் நிறைந்த 5000க்கு மேற்பட்ட படிகளில், இறங்கும்போது கால் இடறினால் இரண்டு பேரும் விழுவார்கள்.

பிள்ளை குளிர்ந்து போவதை அழுகையை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. அழுது, நடுங்கிக்கொண்டிருக்கும் பிள்ளை இன்னும் நல்ல நிலையில்தான் இருக்கிறது. நடுக்கம் நின்று, சத்தம் அடங்கி, கேட்டதற்குக் குழறிப் பதில் சொன்னால், ‘பாவம், நித்திரையாகிட்டான்’ என்று விட்டுவிடாதீர்கள். சட்டைக் கழுத்துக்குள்ளே கையை விட்டுப் பாருங்கள். நெஞ்சும் வயிறும் குளிர்ந்திருந்தால் உடனே பக்கத்துத் தேத்தண்ணிக் கடைக்குள் கொண்டுபோய், ஈர உடுப்பை முழுக்க மாற்றி, உங்கள் நெஞ்சோடு அணைத்துப் போர்வை சுற்றுங்கள். முழித்து விழுங்கக்கூடியவனாக இருந்தால் இனிப்பான இளஞ்சூட்டுப் பால் கொடுக்கலாம். கை காலைத் தேய்க்க வேண்டாம். தெளியாவிட்டால் 1990 அம்புலன்ஸுக்கு அழைத்து, அதேநேரம் கீழே கொண்டுவரும் வேலையையும் தொடங்குங்கள்.

ஆகவே போகலாம், ஆனால் உங்கள் திட்டத்தோடு அல்ல. ஒரு பகல் முழுக்க வானில் போய், அன்றிரவு மலையடிவாரத்தில் இருக்கும் நல்லதண்ணியில் படுங்கள். அடுத்த நாள் வெளிச்சம் வந்த பிறகு ஏறுங்கள். சூரிய உதயத்தைப் பெரியவர்கள் இன்னொரு தரம் பார்க்கலாம். போயாவையும் சனி, ஞாயிறையும் தவிருங்கள். கூட்ட நாட்களில் படியிலேயே மணித்தியாலக் கணக்கில் வரிசையில் நிற்க வேண்டி வரும், வேர்த்த உடம்போடு நிற்பதுதான் வில்லங்கம். ஏறும் வழியில் இருக்கும் சீதகங்குல ஆற்றில் முழுகுவது வழக்கம் என்று பிள்ளைக்கும் தலையில் தண்ணி வார்க்காதீர்கள். முகத்தைத் துடைத்துவிட்டால் சாமி கோபிக்காது.

பருத்திப் பெனியன் வேர்வையைப் பிடித்து வைத்துக்கொள்ளும், மாற்றுவதற்கு இரண்டு, மூன்று பொலித்தீனில் சுற்றிக் கொண்டுபோங்கள். காது மூடும் தொப்பி, காலுறை, பழகிய சப்பாத்து. புதுச் சப்பாத்து வாங்கிப் போட்டால் இறங்கும்போது கால்விரல் நகம் நசுங்கித்தான் வீட்டுக்கு வருவீர்கள். அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கால் ஏதாவது தின்னக் கொடுங்கள். பசித்த பிள்ளைக்குக் குளிர் கெதியாகப் பிடிக்கும். வளைவு றோட்டில் சத்தி எடுத்தால் ஜீவனி (உப்பும் சீனியும் சேர்ந்த தூள்) கரைத்துக் கரண்டி கரண்டியாகக் கொடுக்கலாம். நித்திரை கொள்ளட்டும் என்று வீட்டில் இருக்கும் சளி சிரப்பைக் கொடுக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு, அதை அறவே செய்யாதீர்கள்.

பழக்கத்துக்கு வெகுதூரம் போக வேண்டாம். திருகோணமலை பிரெட்ரிக் கோட்டை வாசலில் இறங்கி, மான்களைப் பார்த்தபடி கோணேசர் கோயில் வரை நடந்து ஏறித் திரும்பட்டும். தூக்கச் சொல்லாமல் போய் வந்தால், மலையில் கொஞ்ச தூரம் ஏறுவான் என்று நம்பலாம். உச்சி வரை ஏறுவான் என்று நான் சொல்லவில்லை. எந்த இடத்தில் திரும்புவது என்பதை ஏறுமுன்னரே நீங்கள் இருவரும் பேசி முடிவெடுங்கள்; வான் நண்பர்கள் முன்னால் போகட்டும்.

இனி முட்டு. போன வருடம் இரண்டு தரம் வந்திருப்பதால், பயணத்துக்கு இரண்டு மூன்று கிழமை முன்னரே கிளினிக்கில் காட்டுங்கள். குளிர் காற்று, கற்பூரப் புகை, கடை அடுப்புப் புகை எல்லாம் அதைத் தூண்டும். இங்கே மழைக்காலத்தில் பிடித்த தடிமன் இன்னும் இழுபட்டுக்கொண்டிருந்தால், இரவில் இருமினால், பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். வழக்கமாக எடுக்கும் இன்ஹேலரை நிறுத்த வேண்டாம். முட்டை உடனே தணிக்கும் நீல இன்ஹேலரும் ஸ்பேசரும் பயணப்பையில் வானுக்குள் கிடக்காமல் உங்கள் தோள்பையில் இருக்கட்டும். விலா எலும்புகள் உள்ளே இழுபட்டால், ஒரு வசனத்தை மூச்சு விடாமல் சொல்ல ஏலாவிட்டால், எழுதித் தந்த அளவை அடித்துக்கொண்டே இறங்குங்கள், உதடு நீலம் பாரித்தால் தாமதம் வேண்டாம். கீழே மஸ்கெலியாவிலும் டிக்கோயாவிலும் ஆஸ்பத்திரி இருக்கிறது.