கஞ்சா மருந்து: எத்தனை சொட்டு இல்லை, எத்தனை மில்லிகிராம்

கேள்வி: பையனுக்கு ஏழு வயசு, 20 கிலோ. டிராவே வலிப்பு (குழந்தையிலேயே தொடங்கும் கடுமையான வலிப்பு நோய்). வால்ப்ரோயேட், குளோபசாம்னு ரெண்டு வலிப்பு மருந்தும் கொடுக்கிறோம். சிபிடி (கஞ்சாவிலிருந்து எடுக்கும், போதை தராத மருந்துப் பொருள்) எத்தனை சொட்டு விடணும்?

பதில்: அம்மா, சொட்டுக் கணக்கை விட்டுவிடுங்கள், மில்லிகிராம் கேளுங்கள். 2018இல் அமெரிக்காவில் அனுமதியான எபிடயோலெக்ஸ் கரைசலில் ஒரு மில்லிலிட்டருக்கு (சுருக்கமாக மில்லி) 100 மி.கி. சிபிடி இருக்கிறது. தொடக்க அளவு, கிலோவுக்கு 2.5 மி.கி. வீதம் காலையும் இரவும். 20 கிலோவுக்கு வேளைக்கு 50 மி.கி., அதாவது அரை மில்லி. ஒரு வாரம் கழித்து வேளைக்கு 1 மில்லி. டிராவேக்கு உச்ச அளவு வேளைக்கு 2 மில்லி. ஏற்றுவது நரம்பியல் டாக்டர்தான், நீங்களாக ஏற்றக் கூடாது.

உங்கள் பையனுக்கு இரண்டு சிக்கல் வரலாம். வால்ப்ரோயேட்டோடு சேரும்போது ஈரல் என்சைம் ஏற வாய்ப்பு அதிகம். தொடங்கும் முன்பும், பிறகு 1, 3, 6ஆம் மாதங்களிலும் ரத்தம் பாருங்கள். குளோபசாம் உடைந்து வரும் பொருளின் அளவை சிபிடி மூன்று மடங்கு வரை கூட்டிவிடும். பையன் தூங்கி வழிந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், பெரும்பாலும் குளோபசாமைத்தான் குறைப்பார். கொழுப்புள்ள சாப்பாட்டோடு கொடுத்தால் மருந்து நாலைந்து மடங்கு கூடுதலாக ஏறும். அதனால் தினமும் ஒரே மாதிரி கொடுங்கள், ஒரு நாள் வெறும் வயிறு, மறுநாள் நெய்ச்சோறு என்று மாற்றாதீர்கள். கரைசல் நல்லெண்ணெயில் செய்தது, எள் ஒவ்வாமை இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். எந்த வலிப்பு மருந்தையும் சட்டென்று நிறுத்தாதீர்கள்.

கேள்வி: ஹெம்ப் (கஞ்சாச் செடி) விதை எண்ணெய் வாங்கினேன். வலிப்புக்குக் கேட்குமா?

பதில்: கேட்காது. விதையில் சிபிடி கிட்டத்தட்ட இல்லை. சமையலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வீட்டில் ஒரு செடி வளர்த்தால்?

பதில்: 1985 என்.டி.பி.எஸ். (இந்திய போதைப்பொருள்) சட்டப்படி உரிமம் இல்லாமல் ஒரு செடி வளர்த்தாலும் குற்றம்.

கேள்வி: கஞ்சாச் செடியில் வலிக்கு இண்டிகா வகை, சுறுசுறுப்புக்கு சாட்டிவா வகை, சரிதானே சார்?

பதில்: இல்லை. 1785இல் லமார்க் என்ற தாவரவியலாளர் இந்தியச் செடியின் உருவத்தைப் பார்த்து இண்டிகா என்று பிரித்தார். அது குணத்தைச் சொல்லும் பெயர் அல்ல. இன்றைக்கு எல்லாமே கலப்பு. டிஎச்சி (கஞ்சாவில் போதை தரும் பொருள்) மிகுந்தது, டிஎச்சியும் சிபிடியும் சமமானது, சிபிடி மிகுந்தது என்ற மூன்று வகைதான் மருந்துக்கு உதவும்.

எதிர்வாதம்: நம்ம சித்தர்கள் மி.கி. அளந்தா கொடுத்தாங்க? முழுச் செடிக்கு இருக்கிற சக்தி, பிரிச்செடுத்த மூலக்கூறுக்கு வருமா?

பதில்: தம்பி, முழுச்சாறு மருந்தே இருக்கிறது. சாட்டிவெக்ஸ் என்ற வாயில் தெளிக்கும் மருந்து, எம்.எஸ். (மல்டிபிள் ஸ்க்லரோசிஸ் என்ற நரம்பு நோய்) நோயாளிகளின் தசை இறுக்கத்துக்கு. அதிலும் ஒரு தெளிப்பில் 2.7 மி.கி. டிஎச்சி, 2.5 மி.கி. சிபிடி என்று அளவு உண்டு. ஒரு நாளில் 12 தெளிப்புக்கு மேல் இல்லை. சித்த முறையிலும் சுத்தி (நச்சு நீக்குவது) செய்யாமல் கஞ்சாவைத் தொடமாட்டார்கள், அளவும் அனுபானமும் (மருந்தோடு சேர்த்துக் கொடுக்கும் பொருள்) சொல்லித்தான் கொடுப்பார்கள். அளவு தெரியாமல் கொடுப்பதை எந்த முறையும் ஏற்றதில்லை.

எதிர்வாதம்: இண்டிகா போட்டா தூக்கம் வருதே!

பதில்: டிஎச்சி கூடினால் எந்தப் பெயர் ஒட்டினாலும் தூக்கம் வரும். வாயால் சாப்பிட்டால் வேகம் பிடிக்க இரண்டு மணி நேரம்கூட ஆகும். "ஒன்றும் தெரியலையே" என்று மறுபடி போடுபவர்தான் படபடப்போடு ஆஸ்பத்திரிக்கு வருகிறார்.

கேள்வி: அப்பா வார்ஃபரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை) போடுகிறார், முழங்கால் வலி. சிபிடி எத்தனை சொட்டு?

பதில்: மேலே சொன்னேன், சொட்டு இல்லை. வார்ஃபரினோடு சிபிடி சேர்ந்தால் ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் அளவு) ஏறி ரத்தக்கசிவு வரலாம். அவருடைய இதய டாக்டர் சரி என்று சொல்லாமல் ஒரு துளிகூடக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: ஹெம்ப் விதை எண்ணெய் தூக்கத்துக்கு?

பதில்: இரண்டாவது பதிலைப் பாருங்கள்.