கடல் அரிப்புக்கு ஒதுக்கும் பணம் முதலில் எங்கே போக வேண்டும்? – கேள்வி பதில்

கடற்கரைப் பொறியியல் என் பிழைப்பு. கல் கொட்டும் திட்டத்துக்கும் மதிப்பீடு போட்டிருக்கிறேன், மணல் போடும் திட்டத்துக்கும் போட்டிருக்கிறேன். அரசுப் பணத்தை எந்தக் கரைக்கு, எந்த வேலைக்கு முதலில் செலவழிக்க வேண்டும் என்று நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

பொம்மையார்பாளையத்திலிருந்து: அண்ணா, எங்கள் அப்பா காலத்தில் படகை இழுத்துப் போட்டு வலையும் காயவைக்க இடம் இருந்தது. இப்போது வாசலில் அலை அடிக்கிறது. புயல்தான் காரணம் என்கிறார்களே?

புயல் கரையை வெட்டும், உண்மைதான். ஆனால் வெட்டிய மணலைக் கொஞ்ச தூரத்தில் கடலுக்குள்ளேயே மேடாகப் போட்டு வைக்கும், அமைதியான மாதங்களில் சின்ன அலைகள் அதைத் திருப்பிக் கொண்டுவந்து சேர்த்துவிடும். வருஷக்கணக்கில் திரும்பி வரவில்லை என்றால் மணல் வரத்தே நின்றுபோயிருக்கிறது என்று அர்த்தம்.

நம் கிழக்குக் கரையில் தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் அலை தெற்கிலிருந்து சாய்ந்து வரும். கரையில் சாய்வாக ஏறுகிற தண்ணீர் இறங்கும்போது நேராக இறங்கும், அதனால் ஒவ்வொரு அலைக்கும் மணல் ஒரு அடி எடுத்து வடக்கே வைக்கும். வாடைக் காலத்தில் கொஞ்சம் தெற்கே திரும்பும், ஆனாலும் வருஷக் கணக்கைக் கூட்டிக் கழித்தால் வடக்கே போவதுதான் அதிகம், லட்சக்கணக்கான கன மீட்டர். 1980களின் கடைசியில் புதுச்சேரித் துறைமுகத்துக்காக அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் அலைத்தடுப்புச் சுவர்களைக் கட்டினார்கள். தெற்குப் பக்கம் மணல் தேங்கியது, வடக்கே பட்டினி. நகரத்துக் கடற்கரை போனது, அங்கே கல் கொட்டினார்கள். அரிப்பு குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர் என்று ஏறி, மாநில எல்லையைத் தாண்டி, தந்திராயன்குப்பம், சின்னமுதலியார்சாவடி, கடைசியில் உங்கள் ஊர். புதுச்சேரியில் கட்டிய துறைமுகத்துக்குத் தமிழ்நாட்டு பட்ஜெட்டில் கல் வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

ராயபுரம்: அப்படியானால் மெரினா மட்டும் எப்படி அவ்வளவு அகலம்?

அதே கதைதான். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் சென்னைத் துறைமுகம் வந்தது. தெற்கே தேங்கிய மணல் மெரினா ஆனது, வடக்கே உங்களுக்கு வரவேண்டிய மணல் வரவில்லை. காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கல்லாகக் கிடப்பது அதனால்தான்.

நாகர்கோவில்: கல் கொட்டினால் வீடாவது தப்புமே. கல்லை ஏன் எல்லோரும் திட்டுகிறீர்கள்?

எல்லா இடத்திலும் திட்டவில்லை. வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே பத்தடி கூட இல்லாத இடத்தில் வேறு வழியே கிடையாது.

ஆனால் கல் சுவர் எப்படித் தோற்கிறது என்று ஒரு பருவம் நின்று பாருங்கள். மணல் சரிவில் உருண்டு ஓய்ந்துபோகிற அலை, சுவரில் மோதித் திரும்பும். திரும்புகிற வேகத்தில் சுவரின் அடி மணலை அள்ளிக்கொண்டு போகும். முன்வரிசைக் கல் அந்தப் பள்ளத்தில் சறுக்கும், அதற்கு மேலே இருப்பது இறங்கும், அடுத்த வருஷம் மறுபடி டிப்பர் லாரி வரும். சுவர் முடிகிற இடத்தில் அலை வளைந்து உள்ளே புகுந்து பக்கத்து ஊரைத் தோண்டும், அந்த ஊரும் கல் கேட்கும். சுவருக்கு முன்னால் கொஞ்ச நஞ்சம் இருந்த மணலும் போய்விடுவதால் படகு ஏற்ற இடம் இருக்காது, கரைவலையும் இழுக்க முடியாது. வீடு மிஞ்சும், தொழில் போகும்.

கொச்சியிலிருந்து ஒரு தமிழர்: இங்கே செல்லானம் கடற்கரையில் டெட்ராபாட் (நான்கு கால் கான்கிரீட் கட்டி) சுவர் நன்றாகத்தானே நிற்கிறது?

நிற்கிறது. சுமார் 7 கிலோமீட்டருக்கு 344 கோடி ரூபாய். சுவர் உள்ள இடத்தில் வருஷா வருஷம் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்துகொண்டிருந்தது குறைந்திருக்கிறது, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சுவர் நின்ற இடத்துக்கு வடக்கே கண்ணமாலி மக்கள் எங்களுக்கும் நீட்டுங்கள் என்று போராட வேண்டியிருந்தது. அப்புறம் கணக்கைப் பாருங்கள், கிலோமீட்டருக்கு 45 கோடிக்கு மேல். தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் 1990 முதல் 2018 வரையிலான படங்களை வைத்துப் பார்த்ததில் தமிழ்நாட்டுக் கரையில் 42.7 சதவீதம் அரிப்பில் இருக்கிறது, 420 கிலோமீட்டருக்கு மேல். அத்தனைக்கும் செல்லானம் மாதிரி கட்ட எந்த அரசிடமும் காசு கிடையாது. அதனால்தான் எது முதலில் என்ற கேள்வியே வருகிறது.

கடலூர்: மணலைக் கொட்டினால் மட்டும்? அதையும் கடல் கொண்டுபோகும். கடலில் கரைத்த பெருங்காயம்தானே?

கொண்டுபோகும். போகவேண்டும், அதுதான் திட்டமே. வழியில் தடுத்த மணலைத் தடுப்புக்கு அந்தப்பக்கம் எடுத்து விடுகிறோம், அது வடக்கே நடந்துபோய் ஒவ்வொரு ஊருக்கும் கொஞ்சம் கொடுத்துவிட்டுப் போகும்.

ஆஸ்திரேலியாவில் ட்வீட் ஆற்று முகத்துவாரத்தில் 2001 முதல் இதைச் செய்கிறார்கள். கடலுக்குள் நீளும் மேடை, அதன் அடியில் வரிசையாகப் பம்புகள். வந்து சேரும் மணலைத் தண்ணீரோடு உறிஞ்சி, ஆற்றைக் கடந்து குழாயில் அனுப்பி, அந்தப் பக்கக் கடற்கரையில் விடுகிறார்கள். வருஷத்துக்குச் சுமார் 5 லட்சம் கன மீட்டர். நமக்கு இதில் கவனிக்க வேண்டியது இன்னொன்று: முகத்துவாரத்துக்குப் பக்கத்திலேயே இரண்டு மாநிலங்களின் எல்லை, இரண்டும் சேர்ந்து செலவைப் பகிர்ந்துகொள்கின்றன. நெதர்லாந்தில் கரைக்கோடு இதற்கு மேல் உள்ளே வரக்கூடாது என்று 1990-லேயே முடிவெடுத்து, தேய்கிற இடத்தில் வருஷா வருஷம் மணல் போடுகிறார்கள். பள்ளிக்கூடத்துக்குச் சம்பளம் ஒதுக்குவதுபோல அது அங்கே வழக்கமான செலவு.

புதுச்சேரித் துறைமுகத் திட்டத்திலும் மணலை வடக்கே எடுத்துவிடும் ஏற்பாடு இருந்தது. ஒழுங்காக நடக்கவில்லை.

லாஸ்பேட்டை: காந்தி சிலைப் பக்கம் இப்போது மணல் வந்திருக்கிறதே, அது எப்படி?

தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்கடியில் எஃகாலான ஆப்பு வடிவத் திட்டு ஒன்றை தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் இறக்கியது. அலையின் வேகம் அதன் மேல் உடைந்துவிடும், பின்னால் மணல் தங்கும். முகத்துவாரத்தில் தூர்வாரிய மணலையும் கொண்டுவந்து போட்டார்கள். இரண்டும் சேர்ந்துதான் கரை வந்தது. திட்டு மட்டும் போதும் என்று நினைத்துத் தூர்வாரிய மணலை வேறு பக்கம் திருப்பினால், அந்தக் கரை நிலைக்காது.

தரங்கம்பாடி: எங்கள் ஊரில் தூண்டில் வளைவுதான் (கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல் தடுப்பு) கேட்கிறோம். கொடுக்கச் சொல்வீர்களா, மாட்டீர்களா?

நீங்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது, வளைவு இருந்தால் படகை அடக்கமான தண்ணீரில் கொண்டுவந்து ஏற்றலாம். ஆனால் வளைவு மணலை உண்டாக்காது, பக்கத்து ஊருக்குப் போகிறதைப் பிடித்து வைக்கும். 2022-ல் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, கரைக்கோடு மேலாண்மைத் திட்டம் (கரை முழுவதையும் சேர்த்துப் பார்த்துப் போடும் திட்டம்) இல்லாமல் இவற்றைக் கட்டாதே என்று தமிழ்நாட்டு அரசிடம் சொன்னதும் இதற்காகத்தான். கட்டினால் இரண்டு வளைவுகளுக்கும் இடைப்பட்ட இடத்தை முதலிலேயே மணல் கொட்டி நிரப்பிவிட வேண்டும், அப்போதுதான் வருகிற மணல் தாண்டி வடக்கே போகும். அந்த மணல் செலவுதான் மதிப்பீட்டில் முதலில் வெட்டுப்படுகிறது.

திருவான்மியூர்: பணம் உண்மையில் எங்கிருந்து வருகிறது?

பல பாக்கெட்டுகளிலிருந்து, அதுவே ஒரு தொல்லை. 15ஆவது நிதிக்குழு 2021–26 காலத்துக்கு அரிப்பைத் தடுக்க 1,500 கோடி, அரிப்பால் இடம்பெயர்ந்தவர்களைக் குடியமர்த்த 1,000 கோடி என்று பரிந்துரைத்தது. இது நாடு முழுமைக்கும், ஆற்றங்கரை அரிப்பும் இதற்குள்தான், அசாமும் பங்குக்கு வரும். மத்திய அரசின் வெள்ள மேலாண்மைத் திட்டத்தில் கடல் அரிப்பு வேலைக்கும் இடம் உண்டு, நம் மாதிரி மாநிலங்களுக்கு 60 பங்கு மத்திய அரசு, 40 மாநிலம். தமிழ்நாட்டுக்கு உலக வங்கிக் கடனோடு 1,675 கோடியில் நெய்தல் மீட்சி இயக்கம் இருக்கிறது, அதில் அலையாத்திக் காடு, கடற்புல், பவளத்திட்டு எல்லாம் சேர்த்தி.

தொகையை விட என்னை உறுத்துவது, இந்தப் பணத்தின் குணம். பெரும்பாலும் ஒரு தடவை கட்டுவதற்கான பணம் இது. வருஷா வருஷம் பம்பு ஓட்டவும் அளந்து பார்க்கவும் பட்ஜெட்டில் தலைப்பே இருக்காது. சுவர் கட்டினால் திறப்பு விழா உண்டு, மணலில் கல்வெட்டு வைக்க முடியாதே.

மதுரை: சரி, உங்கள் கையில் 100 கோடி கொடுத்தால்?

துறைமுகம் இருக்கிற இடத்துக்கு முதலில் போவேன், ஆனால் என் 100 கோடியோடு இல்லை. தடுத்தவர்களே மணலை அந்தப்பக்கம் எடுத்துவிட வேண்டும், துறைமுக நிர்வாகத்தின் நடப்புச் செலவில் அது வரவேண்டும், தூர்வாரிய நல்ல மணலை ஆழ்கடலில் கொண்டுபோய்க் கொட்டுவது நிற்கவேண்டும். இதற்கு அரசாணைதான் தேவை, காசு அப்புறம்.

என் பணத்தில் முதல் செலவு அளவெடுப்பு. மாதா மாதம் ஒரே இடத்தில் கரையின் குறுக்குவெட்டை அளப்பது, கேட்டால் சிரிப்பீர்கள், 100 கோடியில் சில்லறைதான் ஆகும். அது இல்லாமல் போடுகிற எந்தத் திட்டமும் ஊகம். அதற்குப் பிறகு பெரும்பங்கு, துறைமுகம் என்று யாரையும் கைகாட்ட முடியாத சின்ன மீன்பிடி இறங்குதளங்களுக்கும் முகத்துவாரங்களுக்கும் வடக்கே மணலை எடுத்துவிடுவதற்கு. அதிலும் படகு ஏற்றும் கரைக்கு முதலிடம், நடைபாதைக்கும் செல்ஃபி மேடைக்கும் கடைசி இடம். அடுத்து, மணல் இன்னும் மிஞ்சியிருக்கும் கரைகளில் மணல்மேட்டைச் சமன்செய்யாமல் காப்பது. அடம்பன் கொடியும் ராவணன் மீசைப் புல்லும் பிடித்து வைத்திருக்கிற மேடுதான் புயலன்று கரை எடுத்துச் செலவழிக்கிற சேமிப்பு, அதை புல்டோசர் வைத்து வழித்துவிட்டுப் பிறகு கல் கேட்கிறார்கள். ராயபுரம் மாதிரி நெருக்கமான குடியிருப்புக்குத்தான் சுவர், அதுவும் பராமரிப்புப் பணத்தைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு.

ஈ.சி.ஆர்.: எங்கள் ரிசார்ட்டின் காம்பவுண்ட் விழுந்துவிட்டது. வரி கட்டுகிறோம், அரசு கல் போடக்கூடாதா?

கூடாது. மணல்மேட்டின் மேல் கட்டியது உங்கள் விருப்பம். நீங்களாகக் கல் கொட்டினாலும் அனுமதி வேண்டும், பக்கத்துக் குப்பம் அதற்கு விலை கொடுக்கும்.

காரைக்கால்: குடியிருப்பை உள்ளே மாற்றுவது மலிவு என்கிறார்களே?

கணக்கில் மலிவுதான். ஆனால் 2004 சுனாமிக்குப் பிறகு 200 மீட்டருக்கு அப்பால் வீடு வாங்கியவர்கள் பழைய இடத்தை அரசுக்கு விட்டுக்கொடுக்கவேண்டும் என்று தமிழ்நாட்டில் வைத்தார்கள். ஒரு தடவை கரையை விட்டால் அங்கே வேறு யாராவது வந்துவிடுவார்கள் என்ற பயம் மீனவர்களுக்கு அன்றிலிருந்து இருக்கிறது, அது வீண் பயம் இல்லை. காலியான இடம் படகுக்கும் வலைக்கும் ஊர்ப் பொதுவாகவே இருக்கும் என்று எழுதிக் கொடுத்தால்தான் இந்தப் பேச்சையே தொடங்கலாம்.

பழவேற்காடு: நாங்கள் ஊராகச் சேர்ந்து என்ன செய்வது?

கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையின்படி ஆட்சியர் தலைமையில் மாவட்டக் குழு இருக்கவேண்டும், அதில் மீனவர் உள்ளிட்ட கடலோரச் சமூகங்களிலிருந்து குறைந்தது மூன்று பேர். உங்கள் மாவட்டத்தில் அந்த மூன்று பேர் யார், குழு கடைசியாக எப்போது கூடியது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கிராமசபைத் தீர்மானத்தில் "கல் வேண்டும்" என்று மட்டும் எழுதாதீர்கள், அப்படி எழுதினால் கல் வரும், நான்கு வருஷத்தில் திரும்பவும் எழுதுவீர்கள். உங்களுக்குத் தெற்கே இருக்கும் துறைமுகங்கள் வருஷத்துக்கு எவ்வளவு தூர்வாருகின்றன, அதை எங்கே கொட்டுகின்றன, எங்கள் கரைக்கு அதில் எவ்வளவு, எந்த மாதத்தில் வரும் என்று எழுதுங்கள். பக்கத்து ஊர்களையும் அதே தீர்மானம் போடச் சொல்லுங்கள், தெற்கே இருக்கிற ஊரிலிருந்து ஆரம்பித்து.