காரைக்கால் கல்யாணப் பதிவு இணையத்தில் கிடைக்குமா?

கேள்வி: எங்கள் கொள்ளுத்தாத்தா மயிலாடுதுறைக்குக் கிழக்கேயுள்ள ஒரு கிராமத்துக்காரர், காரைக்காலில் பெண் எடுத்தவர். திருமணம் 1900-ஐ ஒட்டி நடந்திருக்கலாம். தமிழகப் பதிவுத்துறை இணையதளத்தில் தேடியும் ஒன்றும் கிடைக்கவில்லை. வேறு வழி உண்டா?
– வாசகர், மயிலாடுதுறை

பதில்: அங்கே கிடைக்காததில் வியப்பில்லை. பிரிட்டிஷ் ஆட்சியில் தஞ்சை மாவட்டத்து இந்துக்கள் திருமணத்தை அரசிடம் பதிவு செய்யும் வழக்கம் இல்லை. 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டம் அதற்கு வழி செய்தது. தமிழ்நாட்டில் எல்லோருக்கும் அது கட்டாயமானது 2009இல்தான்.

ஆகவே தாத்தாவின் ஊரை விட்டுப் பாட்டியின் ஊரைப் பிடியுங்கள். அக்காலத்தில் கல்யாணம் பெரும்பாலும் பெண் வீட்டில்தான் நடந்தது. காரைக்காலோ, இடையிடையே ஆங்கிலேயர் கைக்குப் போனாலும், 1954 வரை பிரெஞ்சுக்காரர் வசம் இருந்த ஊர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே உள்ளூர் மக்களின் பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றையும் ஏட்டில் ஏற்றிய அவர்கள், அவற்றின் பிரதிகளைப் பிரான்சுக்கும் அனுப்பினார்கள். அவற்றை எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் நகரிலுள்ள கடல்கடந்த நாடுகளுக்கான பிரெஞ்சு தேசிய ஆவணக் காப்பகம் படமெடுத்துத் தன் இணையதளத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. 'நான் எடுத்துத் தருகிறேன்' என்று பணம் கேட்பவரை நம்ப வேண்டியதில்லை.

அத்தளத்தில் முதலில் 'இந்தியா', பிறகு ஊர், பிறகு ஆண்டு என்று தெரிவு செய்ய வேண்டும். வீட்டில் பொதுவாகக் 'காரைக்கால்' என்று சொல்வது திருநள்ளாறாகவோ நெடுங்காடாகவோ நிரவியாகவோ இருக்கலாம். பின்னாளில் இவை தனித்தனி நகராட்சிகளாயின. திருமலைராயன்பட்டினத்துக்கு அவர்கள் வைத்த பெயர் 'கிராந்த் ஆல்தே' என்பதால், அதைத் தமிழ்ப் பெயரில் தேடினால் அகப்படாது. பெயர்களை எழுதும் முறையும் வேறு: 'முத்து' என்பதை எம், ஓ, யூ, டி, டி, ஓ, யூ என எழுதியிருப்பார்கள். கையெழுத்துப் பிரெஞ்சு முதலில் மிரட்டத்தான் செய்யும். ஆனாலும் பதிவுகளின் வாசகம் ஏறக்குறைய ஒரே மாதிரியாக இருப்பதால், நாலைந்து பக்கம் பழகிவிட்டால் பெயரும் தகப்பன் பெயரும் தாமாகவே கண்ணில் படும்.

ஆண்டு உறுதியாகத் தெரியாவிட்டால், மூத்த பிள்ளை பிறந்த ஆண்டிலிருந்து பத்தாண்டுகள் பின்னோக்கிச் செல்லுங்கள். பெண்ணுக்குச் சிறு வயதிலேயே மணம் முடித்த காலம் அது. அப்படியும் அகப்படாவிட்டால், குடும்பத்தின் பழைய பாகப்பிரிவினைப் பத்திரத்தையும் செட்டில்மென்ட் பத்திரத்தையும் எடுத்துப் பாருங்கள். திருமணத் தேதி இராது, ஆனால் பாட்டியின் தகப்பனார் பெயரும் ஊரும் இருக்க வாய்ப்புண்டு.