ஹை ஸ்கூல் கிராஸ் கன்ட்ரி: முதல் தடவை ஓட வருகிறவர்களுக்கு

என் பிள்ளைகள் இரண்டு பேரும் நியூ ஜெர்சியில் ஹை ஸ்கூல் கிராஸ் கன்ட்ரி டீமில் ஓடினார்கள். கிராஸ் கன்ட்ரி என்றால் புல்தரை, மேடு, மரங்களுக்கு நடுவே என்று ஓடும் தூர ஓட்டம். அவர்கள் காலேஜ் போன பிறகும் நான் அந்த டீமை விடவில்லை. ஆறு வருஷமாகப் புதிதாகச் சேரும் பிள்ளைகளோடு சேர்ந்து ஓடுகிறேன், கோச்சுக்கு உதவியாக இருக்கிறேன். லீவு தொடங்கும் நேரம் என்பதால் கேள்விகள் நிறைய வந்திருக்கின்றன. தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஆன்ட்டி, செப்டம்பரில் ஒன்பதாவது போகிறேன். ஒரு மைல்கூட நிற்காமல் ஓடியதில்லை. என்னை டீமில் சேர்த்துக்கொள்வார்களா? (மாணவன், நியூ ஜெர்சி)

சேர்த்துக்கொள்வார்கள், தம்பி. கூடைப்பந்து, சாக்கர் மாதிரி ஆள் கழிக்கும் வழக்கம் பெரும்பாலான பள்ளிகளில் கிராஸ் கன்ட்ரிக்குக் கிடையாது. வார்சிட்டியில், அதாவது பள்ளியின் முதல் அணியில், ஏழு பேருக்குத்தான் இடம். ஆனால் ஜே.வி. என்கிற இரண்டாம் அணி ரேஸில் பெரும்பாலும் எத்தனை பேர் வேண்டுமானாலும் ஓடலாம். சில பெரிய பள்ளிகள் மட்டும் ஒரு நேர வரம்பு வைத்திருக்கும். அதைக் கோச்சிடம் இப்போதே கேட்டுவிடு. கூடவே டாக்டர் கையெழுத்திட்ட ஸ்போர்ட்ஸ் ஃபிசிக்கல் (விளையாட உடம்பு தகுதியா என்ற பரிசோதனை) படிவத்தையும் முடித்துவை. அது இல்லாமல் முதல் நாள் பிராக்டிஸுக்கே விடமாட்டார்கள். ஆகஸ்டில் டாக்டரிடம் அப்பாயின்ட்மென்ட் கிடைப்பது கஷ்டம்.

சீசன் ஆகஸ்டில் தொடங்கி நவம்பரில் முடியும். உனக்கு வேண்டியது ஜூனும் ஜூலையும்தான். வாரத்துக்கு நாலு நாள் வெளியே போ. இரண்டு நிமிஷம் ஓட்டம், ஒரு நிமிஷம் நடை, மொத்தம் இருபது நிமிஷம். வாரம் போகப் போக ஓட்டத்தைக் கூட்டி நடையைக் குறை. ஐந்தாறு வாரத்தில் நிற்காமல் இருபது நிமிஷம் ஓடிவிடுவாய். பிராக்டிஸ் தொடங்கும்போது முப்பது நிமிஷம் வந்துவிட்டால் போதும்.

இதில் முக்கியமானது வேகம். பக்கத்தில் ஓடுகிறவனிடம் ஒரு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். முடியவில்லை என்றால் வேகம் அதிகம். புதிதாக வருகிற பத்துப் பிள்ளைகளில் எட்டுப் பேர் முதல் நாளே பந்தயம் போல ஓடி, நாலாவது நாள் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். மூச்சு சீக்கிரம் பழகிவிடும். எலும்பும் தசைநாரும் பழக மாதக்கணக்கு ஆகும். மெதுவாக ஓடுவது வெட்கப்பட வேண்டிய விஷயம் இல்லை, அதுதான் பயிற்சி. மாநில அளவில் ஓடுகிறவர்கள்கூட வாரத்தில் பெரும்பாலான நாள் மெதுவாகத்தான் ஓடுகிறார்கள்.

என் மகள் ஒரு மீட்டில் (பல பள்ளிகள் ஓடும் போட்டியில்) 43ஆவது வந்தாள். கோச் அவளைக் கட்டிப்பிடித்துப் பாராட்டுகிறார். 43ஆவது இடத்துக்கு என்ன பாராட்டு? (அப்பா, டெக்சாஸ்)

அண்ணா, இந்த விளையாட்டில் மதிப்பெண் போடும் விதம் தெரிந்தால் உங்களுக்கே புரியும். ஒரு டீமில் ஏழு பேர் ஓடுவார்கள். முதலில் வரும் ஐந்து பேரின் இடங்களைக் கூட்டுவார்கள். யாருடைய கூட்டுத்தொகை குறைவோ அந்த டீம் ஜெயிக்கும். 1, 2, 3, 4, 5 என்று ஐந்து பேரும் முன்னால் வந்தால் 15. அதற்குக் கீழே போகவே முடியாது.

ஒரு டீமில் இரண்டு பெரிய ஓட்டக்காரர்கள் இருந்து, மற்றவர்கள் பின்னால் வருகிறார்கள் என்று வையுங்கள்: 1, 2, 25, 31, 40. மொத்தம் 99. இன்னொரு டீமில் நட்சத்திரம் யாரும் இல்லை: 8, 12, 15, 18, 22. மொத்தம் 75. ஜெயித்தது இரண்டாவது டீம். அதாவது ஐந்தாவதாக வருகிற பிள்ளை கடைசி நேரத்தில் நாலு பேரைத் தாண்டினால், டீமின் கூட்டுத்தொகையில் நாலு புள்ளி குறையும். ஆறாவது, ஏழாவது ஆட்களின் இடத்தைக் கூட்ட மாட்டார்கள். ஆனால் எதிர் டீமின் ஐந்தாவது ஆளுக்கு முன்னால் வந்தால் அந்த டீமின் எண்ணிக்கை ஏறும். சமநிலை வந்தால் ஆறாவது ஆளைத்தான் பார்ப்பார்கள். உங்கள் மகள் எத்தனையாவது வந்தாள் என்பதோடு, டீமில் எத்தனையாவது ஆளாக வந்தாள் என்று கேட்டுப் பாருங்கள்.

ஸ்பைக் ஷூ (அடியில் ஆணி வைத்த ரேஸ் ஷூ) வாங்க வேண்டுமா? (அம்மா, இல்லினாய்)

முதல் வருஷம் வேண்டாம். ரன்னிங் கடையில் காலை அளந்து ஒரு நல்ல பயிற்சி ஷூ வாங்குங்கள், அதிலேயே ரேஸும் ஓடலாம். 300 முதல் 500 மைலுக்குள் மாற்ற வேண்டி வரும். கூடைப்பந்து ஷூவில் ஓட விடாதீர்கள்.

நாங்கள் சைவம். பத்தாவது படிக்கும் மகள் நன்றாகத்தான் ஓடினாள். ஒரு மாதமாக எப்போதும் களைப்பு, நேரமும் குறைகிறது. பயிற்சியில் சோம்பலா? (அம்மா, கலிஃபோர்னியா)

சோம்பல் என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். அந்த வார்த்தையைக் கேட்டு நொந்துபோன பெண்களைப் பார்த்திருக்கிறேன். டாக்டரிடம் போய் ரத்தப் பரிசோதனை கேளுங்கள். ஹீமோகுளோபின் மட்டும் பார்த்தால் போதாது, ஃபெரிட்டினும் பார்க்கச் சொல்லுங்கள். ஃபெரிட்டின் என்பது உடம்பில் இருக்கும் இரும்புச்சத்தின் சேமிப்பு. ஹீமோகுளோபின் சரியாக இருக்கும்போதே சேமிப்பு தீர்ந்துபோயிருக்கலாம். மாதவிடாய், வளர்கிற வயது, தினசரி ஓட்டம், சைவச் சாப்பாடு, இந்த நாலும் சேர்ந்தால் இது அடிக்கடி வருகிறது.

வீட்டில் செய்யக்கூடியது: சுண்டல், பருப்பு, கீரை, கம்பு இவற்றை எலுமிச்சையோ ஆரஞ்சோ சேர்த்துக் கொடுங்கள். வைட்டமின் சி இருந்தால் இரும்புச்சத்து நன்றாக உடம்பில் சேரும். சாப்பாட்டோடு டீ, காபி வேண்டாம், அது தடுக்கும். மாத்திரையை மட்டும் நீங்களாகக் கொடுக்காதீர்கள். இரும்பு அதிகமானாலும் கெடுதல், அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

அப்புறம் இன்னொன்று. மாதவிடாய் தள்ளிப்போனாலோ நின்றுபோனாலோ, ஓடுகிற பெண்ணுக்கு அப்படித்தான் என்று விடாதீர்கள். போதுமான சாப்பாடு போகவில்லை என்று உடம்பு சொல்கிறது. எலும்பு பலவீனமாகி முறிவு வரை போகும்.

முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பில் வலிக்கிறது. ஓடலாமா? (மாணவி, மிச்சிகன்)

அந்த எலும்பை ஒட்டிப் பரவலாக வலித்தால் பெரும்பாலும் ஷின் ஸ்ப்ளின்ட், அதிகம் ஓடுவதால் வரும் வலி. ஓட்டத்தைக் குறை, புல்தரையில் ஓடு, ஷூவைப் பார். ஒரு விரலால் தொட்டுக் காட்டும்படி ஒரே இடத்தில் வலித்தாலோ, நடக்கும்போதும் படுத்திருக்கும்போதும் வலித்தாலோ உடனே நிறுத்து. அது ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சராக, அதாவது எலும்பில் மெல்லிய விரிசலாக, இருக்கலாம். கோச்சிடம் மறைக்காதே, கண்ணம்மா. இரண்டு வாரத்தில் முடிகிற விஷயத்தை மறைத்து முழு சீசனையும் இழக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

ஆகஸ்ட் வெயிலில் பிள்ளைகளை ஓட விடுவது சரியா? (அம்மா, டெக்சாஸ்)

அதிகாலை பிராக்டிஸ் என்றால் சரி. உடம்பு வெயிலுக்குப் பழகப் பத்து நாளிலிருந்து இரண்டு வாரம் ஆகும், அதுவரை தூரமும் வேகமும் குறைவாக இருக்க வேண்டும். கிராஸ் கன்ட்ரி ஒரு காலத்தில் ஒலிம்பிக்கிலும் இருந்தது. 1924இல் பாரிஸ் வெயிலில் ஓடத் தொடங்கிய 38 பேரில் 15 பேர்தான் முடித்தார்கள். அதற்குப் பிறகு அந்தப் போட்டியே ஒலிம்பிக்கில் இல்லை. ஓடுகிற பிள்ளை தடுமாறினாலோ சம்பந்தமில்லாமல் பேசினாலோ 911 அழைத்துவிட்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திருக்காமல் ஐஸ் தண்ணீரில் குளிரவையுங்கள். முதலில் குளிர வைப்பது, அப்புறம்தான் ஆஸ்பத்திரி.

பிராக்டிஸ் மூன்று மணிக்கு. பையன் பதினொன்றுக்கே லஞ்ச் சாப்பிடுகிறான். (அப்பா, வர்ஜீனியா)

பிராக்டிஸுக்கு ஒரு மணி நேரம் முன்னால் ஒரு வாழைப்பழமும் ரொட்டித் துண்டும் கொடுங்கள். வீட்டுக்கு வந்ததும் முழுச் சாப்பாடு, தள்ளிப்போட வேண்டாம்.

முதல் ரேஸில் கடைசியாக வந்தேன். எல்லாரும் கைதட்டினார்கள், அது இன்னும் அவமானமாக இருந்தது. விட்டுவிடலாமா? (மாணவன், நியூ யார்க்)

விடாதே, தம்பி. அந்தக் கைதட்டல் பரிதாபம் இல்லை. அங்கே நின்ற ஒவ்வொரு ஓட்டக்காரனுக்கும் மூன்றாவது மைல் எப்படி வலிக்கும் என்று தெரியும். அதை அதிக நேரம் தாங்கியவன் நீ. என் மகன் முதல் ரேஸில் இரண்டு இடத்தில் நடந்தான், 5 கிலோமீட்டருக்கு 31 நிமிஷத்துக்கு மேல் ஆனது. அன்று காரில் அழுதான்.

நீ எப்படி ஓடினாய் என்று எழுதவில்லை. என் ஊகம், முதல் அரை மைலைக் கூட்டத்தோடு பறந்திருப்பாய். உங்கள் ஊர் ரேஸ் நடக்கும் பிராங்ஸ் வான் கோர்ட்லண்ட் பார்க்கை எடுத்துக்கொள்: தொடக்கம் அகலமான சமதரை, பிறகு பாதை குறுகி மேட்டுக்குள் போகும். இடம் பிடிக்க எல்லாரும் ஆரம்பத்தில் பாய்வார்கள். நீ பாயாதே. முதல் மைலில் உன்னைத் தாண்டிப் போகிறவர்களைப் போக விடு. மேட்டில் சின்னச் சின்ன அடியாக ஏறு, உச்சியில் நிற்காமல் இன்னும் பத்து அடி ஓடு. இரண்டாவது மைலிலிருந்து ஒவ்வொருவராகப் பிடி. அடுத்த ரேஸில் ஒரே ஒருவரைத் தாண்டு. அதோடு உன் நேரத்தை ஒரு நோட்டில் எழுதி வை. ஒவ்வொரு மைதானமும் வேறு மாதிரி என்பதால், ஒரே மைதானத்து நேரங்களை மட்டும் ஒப்பிடு.

ரேஸ் நடக்கும்போது மகன் பக்கத்தில் ஓடி உற்சாகப்படுத்தலாமா? (அப்பா, நியூ ஜெர்சி)

கூடாது. வெளியாள் கூடவே ஓடினால் உதவி என்று கருதி அவனைத் தகுதி நீக்கம் செய்யலாம். இறுதிக் கோட்டில் கூட்டமாக நிற்பார்கள், அங்கே உங்கள் குரல் கேட்காது. இரண்டு மைல் வாக்கில் மரங்களுக்கு நடுவே கூட்டம் குறைந்த இடம் ஒன்று இருக்கும். நம் ஊர் ரேஸ் நடக்கும் ஹோம்டெல் பார்க் என்றால் 'பவுல்' என்று சொல்லும் பள்ளத்திலிருந்து ஏறி வருகிற இடம். அங்கே போய் நின்று, வரும்போது பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். முடித்து வந்ததும் தண்ணீர் கொடுங்கள், பத்து நிமிஷம் அவன் தன் டீமோடு நடக்கட்டும். நேரத்தை அவனே சொல்லுவான்.