கறுத்தக்கொழும்பான் பையும் கருவலகஸ்வெவ யானையும்

நாட்டுப்புற ரோட்டில பைக் ஓடேக்க காட்டு மிருகத்திட்ட மயிரிழையில தப்பின கதை ஆருக்கும் இருக்கோ எண்டு கேட்டிருக்கிறீங்கள். எனக்கு இருக்கு. கொழும்பு வெள்ளவத்தையில காலி வீதி டிரஃபிக்குக்குள்ள நசிஞ்சு திரியிற உனக்கு எங்கால காட்டு மிருகம் எண்டு சிரிக்கக்கூடாது. ஊருக்குப் பைக்கில போற ஆக்களுக்குத் தெரியும், இஞ்ச அதிவேகப் பாதையில மோட்டர் சைக்கிளை ஏறவே விடமாட்டினம், அப்ப நீர்கொழும்பு, சிலாபம், புத்தளம், அனுராதபுரம், வவுனியா எண்டு பழைய ரோட்டாலதான் யாழ்ப்பாணம் போய் வரவேணும், கிட்டத்தட்ட 400 கிலோமீட்டர். அதில புத்தளத்துக்கும் அனுராதபுரத்துக்கும் இடையில வாற 75 கிலோமீட்டர்தான் பிரச்சினை. வடக்குப் பக்கம் வில்பத்துக் காடு, மற்றப் பக்கம் குளமும் வயலும், யானைக்கு ரெண்டும் வேணும், நடுவில எங்கட ரோடு.

நடந்தது ஒரு ஜூன் மாசம், மாம்பழ சீசன். யாழ்ப்பாணத்தில இருந்து காலமை ஆறு மணிக்கு வெளிக்கிடுறது எண்டுதான் பிளான். அம்மம்மா விட்டாத்தானே. கறுத்தக்கொழும்பான் மாம்பழம் ஒரு உரப்பை நிறைய, இடையில வைக்கோல் எல்லாம் வச்சு, பின் சீற்றில ரியூப்பால இறுக்கிக் கட்டி முடிய பத்தரை. முறிகண்டியில வழமை போல நிப்பாட்டிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காயும் உடைச்சு, கச்சானும் வாங்கி, வவுனியாவில சாப்பிட்டு, அனுராதபுரம் வரேக்க அஞ்சு தாண்டிட்டுது. அங்க றூம் போட்டிருக்கோணும். அடுத்த நாள் வேலை எண்ட ஒரே காரணத்துக்காக, புத்தளம் தாண்டினாச் சரி, அங்கால பயமில்லை எண்டு எனக்கு நானே சொல்லிக்கொண்டு இழுத்தன்.

நொச்சியாகம தாண்டேக்க பொழுது பட்டுட்டுது. முன்னால ஒரு பழைய பஸ், நானும் நல்ல பிள்ளையா அதுக்குப் பின்னாலதான் போனன், ஆனா அது கக்கிற புகையும், சந்திக்குச் சந்தி நிப்பாட்டுறதும், சாலியவெவ தாண்டினாப் பிறகு ஒரு இடத்தில ஆளை இறக்க நிண்ட நேரம் பொறுக்கேலாம முந்திட்டன். அண்டைக்கு நான் செய்த மடைவேலை அதுதான். பஸ்ஸை முந்தி ரெண்டு வளைவு தாண்ட ரோட்டில ஒரு குஞ்சு குருமான் இல்லை, என்ர பல்சரின்ர சத்தம் மட்டும்.

முதல்ல வந்தது மணம். பச்சைக் கொப்பை முறிச்சுக் கசக்கினா வருமே, அந்த மணம், அதோட மாட்டுக்கொட்டில் மணமும் கலந்து. ரோட்டில இலையும் குழையுமா கிடந்தது. மரம் வெட்டினவங்கள் போல எண்டு நினைச்சன், பாருங்கோ என்ர மூளையை. எதிர்ல வாகனம் வந்தா கண் கூசும் எண்டு டிம் லைட்டிலதான் வந்தனான், டிம் லைட் ரோட்டைத்தான் காட்டும், மேல ஒண்டும் தெரியாது. இடக்கைப் பக்கம் கானுக்குக் கிட்ட ரெண்டு சாம்பல் தூண் தெரிஞ்சுது, மதகுக் கட்டு எண்டு நினைச்சன். தூண் ஒண்டு அசைஞ்சுது.

எங்கட நாட்டு ஆண் யானையளில கொம்பு உள்ளது நூற்றுக்குப் பத்தும் தேறாது. மற்றதெல்லாம் அலியன்தான். படத்தில பாக்கிற மாதிரி வெள்ளையா ரெண்டு கொம்பு லைட்டுக்கு மினுங்கும், தூரத்தில கண்டு நிப்பாட்டலாம் எண்டு இருந்தா சரி. தார் ரோட்டின்ர நிறத்தில, காட்டின்ர இருட்டோட இருட்டா நிக்கிற சாமானை எப்பிடிக் காணுறது? 60இல போனா ஒரு செக்கனுக்கு 17 மீற்றர் போகும். நான் கண்டு, விளங்கி, பிரேக் அமத்தி நிக்கேக்க அதுக்கும் எனக்கும் இடையில ஒரு இருபது மீற்றர் இருந்திருக்கும். பதட்டத்தில கிளச் பிடிக்க மறந்துபோய் எஞ்சினும் நிண்டுட்டுது.

அந்த அமைதியை இப்பவும் மறக்கேலாது. காதை அடிக்கிற சத்தம் தெளிவாக் கேட்டுது, ஆரோ ஒராள் நனைஞ்ச பாயை உதறுற மாதிரி, டப், டப். பிறகு அடிக்கிறதை நிப்பாட்டிக் காதை ரெண்டு பக்கமும் விரிச்சு, தும்பிக்கையைத் தூக்கி நுனியை என்ர பக்கம் வளைச்சுது. மணம் பிடிக்குது. அப்பதான் எனக்கு முதுகுக்குப் பின்னால இருக்கிற உரப்பை ஞாபகம் வந்தது. பகல் முழுக்க வெயில்ல வந்த கறுத்தக்கொழும்பான், நானே ஹெல்மெட்டுக்குள்ளால மணந்துகொண்டு வந்த சாமான், அதுக்கு மணக்காதோ!

திருப்பி ஓடலாம் எண்டு சொல்லுவீங்கள். யானை ஓடினா மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் கிட்ட வரும், ஓடுற பைக்கை அது பிடிக்காது எண்டது சரி, ஆனா நிண்ட பைக்கை, பின்னுக்கு முப்பது கிலோ பழத்தோட, அந்த ஒடுங்கின ரோட்டில திருப்பிறதுக்கு மூண்டு தரமாவது முன்னுக்குப் பின்னுக்குத் தள்ளோணும். நான் காலால உன்னிப் பின்னுக்குத் தள்ளப் பாத்தன், சில்லு கிறவல்ல இறங்கிச் சறுக்குது. ஹோர்ன் அடிக்கேல்லை, ஹை பீம் போடேல்லை. அறிவால இல்லை, கை நடுங்கினதில சுவிட்சைத் தேடேலாமப் போனதாலதான். பிறகுதான் தெரிஞ்சுது, அது ரெண்டும்தான் செய்யக்கூடாத வேலையாம்.

காப்பாத்தினது நான் முந்திவந்த அதே பஸ். பின்னால வெளிச்சம் வந்துது, ஹோர்ன் இல்லாம மெதுவா வந்து எனக்குப் பக்கத்தில நிண்டுது. ஃபுட்போர்ட்டில தொங்கின கண்டக்டர் சத்தம் போடாமச் சொன்னார், "மல்லி, ஹெல்லென்ன எப்பா." ஆடாத தம்பி எண்டு. நான் எங்க ஆடுறது. ட்ரைவர் என்னையும் யானையையும் பாத்துட்டு, பஸ்ஸை இன்னும் கொஞ்சம் முன்னுக்கு எடுத்து எனக்கும் யானைக்கும் நடுவில கொண்டுவந்து விட்டார். எஞ்சினைக் கொஞ்சம் உறுமவிட்டு அப்பிடியே உருட்டினார். நான் பைக்கை ஸ்டார்ட் பண்ணி, பஸ்ஸுக்கு வலப்பக்கமா, தகரத்தில தோள் உரசாத குறையா, முதலாம் கியர்ல கூடவே போனன். யானை ரெண்டு அடி முன்னுக்கு வந்து தலையை உலுப்பினது பஸ் ஜன்னல்களுக்கு ஊடாத் தெரிஞ்சுது. உள்ள ஒரு குழந்தை அழுதுது, வேற ஒருத்தரும் மூச்சு விடேல்லை.

காதை விரிச்சு, சத்தம் போட்டு, மண்ணை உதைச்சுக் காட்டினா அநேகமா வெருட்டுதாம், காதைப் பின்னுக்கு ஒட்டி, தும்பிக்கையை உள்ளுக்குச் சுருட்டிக்கொண்டு சத்தமில்லாம வந்தாத்தான் உண்மையா வருதாம். இதை எனக்குக் கருவலகஸ்வெவ டவுன்ல, பிளேன்டீ கிளாசைப் பிடிக்கேலாமக் கை ஆடிக்கொண்டிருக்கேக்க, அந்த ட்ரைவர்தான் சொன்னவர். கண்டக்டர் பைக்கைச் சுத்தி வந்து மூக்கை உறிஞ்சிப்போட்டு, "அம்ப த?" எண்டு கேட்டார். மாம்பழம்தான் எண்டன். அந்தாள் சிரிச்ச சிரிப்பு இருக்கே. ஆளுக்கு அஞ்சு பழம் குடுத்தன், பஸ்ஸில அழுத குழந்தைக்கும் ஒண்டு. புத்தளம் வரைக்கும் அந்தப் புகையைக் குடிச்சுக்கொண்டு பின்னாலயே போனன், ஒரு வளைவில கூட முந்தேல்லை.

இதில யானையைக் குறை சொல்ல எனக்கு மனம் வரேல்லை. புத்தள–கதிர்காமம் ரோட்டில (இது மொனராகலைப் பக்கத்துப் புத்தள, புத்தளம் இல்லை) போன ஆக்களுக்குத் தெரியும், அங்க யானை ரோட்டுக் கரையில நிண்டு வாகனத்தை மறிக்கும், பஸ் ஜன்னலுக்குள்ள தும்பிக்கையை விடும். பூசைத் தட்டுப் பழத்தை நீட்டி நீட்டிப் பழக்கினது எங்கட சனம்தான். உடவளவையில கரண்ட் வேலிக்கு அங்கால யானை வரிசையா நிக்குது, இஞ்சால பழக்கடை. வான்ல வாறவன் ஜன்னலால ஒரு சீப்பு வாழைப்பழத்தை எறிஞ்சு, செல்ஃபியும் எடுத்துட்டுப் போயிருவான், அடுத்ததா பையோட வாறது பைக்கில ஒருத்தன், அவனுக்குக் கண்ணாடியும் இல்லை கதவும் இல்லை. 2011 கணக்கெடுப்பில நாட்டில 5,879 யானை எண்டு எண்ணினவங்கள். இவ்வளவு சின்ன நாட்டில, இவ்வளவு யானையோட, அதுக்குச் சாப்பாட்டை வாகனத்தில தேடப் பழக்கிறது விசர் வேலை எண்டு நான் சொன்னா வீட்டிலயே சண்டை. புண்ணியமாம்.

வன்னிப் பக்கம் வேற மாதிரி. மாங்குளம் தாண்டி இரவில வந்தா மாடுதான் எமன், பகல் சூடு தார்ல இருக்கிறதால நடுரோட்டில குடும்பமாப் படுத்திருக்கும். சிவத்த மாட்டைக் காணலாம், எருமையைக் காணேலாது. மயில் இன்னொரு சனியன், நடந்து போய்க்கொண்டிருக்கும், பக்கத்தில வந்தாப்போல எழும்பும், எழும்பினா சரியா ஹெல்மெட் உயரம்.

இவ்வளவும் சொல்லிப்போட்டு இதைச் சொல்லாம விட்டா வஞ்சகம். என்னை உண்மையா விழுத்தினது யானையும் இல்லை மாடும் இல்லை, கொழும்புக்குக் கிட்ட தலவத்துகொடைப் பக்கம் ஒரு கபரகொய்யா, பெரிய நீர் உடும்பு. ஞாயிறு காலமை, தியவன்னா ஓயாப் பக்கத்துச் சின்ன ரோடு, ஆளளவு நீளத்தில ஒண்டு ஆறுதலா ரோட்டைக் கடக்குது, அதுக்கு அவசரமே இல்லை. நேரா பிரேக் பிடிச்சிருந்தா நிண்டிருக்கும், நான் வெட்டினன், மணல்ல சறுக்கிப்போச்சு. கொழும்புக்கு 2018இல ராம்சார் எண்ட சர்வதேச ஈரநில ஒப்பந்தத்தில ஈரநில நகரம் எண்டு பட்டம் குடுத்ததைப் பேப்பரில வாசிச்சுப் பெருமைப்பட்ட ஆள் நான், மணிக்கட்டில மாக்கட்டோட ஆறு கிழமை இருந்தன். அது போகவும் இல்லை. கானுக்குப் பக்கத்தில நிண்டு நாக்கை நீட்டி நீட்டி என்னைப் பாத்துக்கொண்டிருந்துது.

அம்மம்மாவுக்கு அந்தக் கதை இன்னும் தெரியாது. யானைக் கதை மட்டும் தெரியும், முறிகண்டியான் தன்ர ஆளை அனுப்பி என்னைப் பாத்துட்டுப் போகச் சொன்னவர் எண்டுதான் ஊரெல்லாம் சொல்லித் திரியிறா. இப்ப மாம்பழம் நைட் பஸ்ஸில பெட்டியா வருது, காலமை அஞ்சு மணிக்கு வெள்ளவத்தைச் சந்தியில போய் இறக்கோணும், பெட்டிக்கு மேல மார்க்கர் பேனையால பெரிசா "பழம், பாரம் ஏத்தாதேங்கோ" எண்டு எழுதியிருக்கும். போன முறையும் அடியில இருந்த நாலு நசிஞ்சுதான் வந்தது.