டிவி ஆட்டம் ஒன்றில், பரிசைப் பங்கு போடுவதா, மொத்தத்தையும் சுருட்டுவதா என்ற கடைசிச் சுற்றில் நீங்கள் இருந்தால் எதை எடுப்பீர்கள்?

பங்குதான். எதிரே உட்கார்ந்திருப்பவர் யாராக இருந்தாலும், தொகை எவ்வளவாக இருந்தாலும் பங்குதான். நல்லவள் என்று பெயர் வாங்குவதற்காக இதைச் சொல்லவில்லை. திருமங்கலம் பக்கம் பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பொருளியல் எடுக்கிறேன். இந்தச் சுற்றின் விதியைக் கரும்பலகையில் கட்டம் போட்டு எழுதிப் பார்த்த பிறகு மற்றதன் மேல் எனக்குக் கை போகாது.

பார்க்காதவர்களுக்காக ஆட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இங்கிலாந்தின் ஐடிவியில் 2007 முதல் 2009 வரை 'கோல்டன் பால்ஸ்' என்ற நிகழ்ச்சி ஓடியது. நடத்தியவர் ஜாஸ்பர் காரட். நான்கு பேர் தொடங்குவார்கள். தன் பந்துகளுக்குள் என்ன தொகை இருக்கிறது என்று ஆளாளுக்குப் புளுகி, ஓட்டுப் போட்டு இரண்டு பேரை வெளியேற்றுவார்கள். மிஞ்சிய இருவரும் சேர்ந்து பந்து பந்தாக எடுத்துப் பரிசுத் தொகையைக் கூட்டுவார்கள். நடுவில் 'கில்லர்' பந்து வந்துவிட்டால் அதுவரை சேர்ந்தது பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். கடைசியில் ஆளுக்கு இரண்டு பந்து கொடுப்பார்கள். ஒன்றில் 'பங்கு', மற்றதில் 'திருட்டு'. இருவரும் பங்கை எடுத்தால் ஆளுக்குப் பாதி. ஒருவர் பங்கும் மற்றவர் திருட்டும் எடுத்தால் திருடியவருக்கே எல்லாம். இருவருமே திருட்டை எடுத்தால் யாருக்கும் ஒன்றுமில்லை. எடுப்பதற்கு முன்னால் கொஞ்ச நேரம் முகத்துக்கு முகம் பேசிக்கொள்ளலாம். அங்கேதான் சத்தியம், கண்ணீர், கைகுலுக்கல் எல்லாம்.

இதே விதியில் அமெரிக்காவில் 2002-ல் 'ஃப்ரெண்ட் ஆர் ஃபோ' வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு இங்கிலாந்திலேயே வந்த 'ஷாஃப்டட்' நான்கு வாரம்கூடத் தாண்டாமல் நிறுத்தப்பட்டது.

இணையத்தில் பலரும் இதைக் 'கைதிகளின் சிக்கல்' என்று எழுதுகிறார்கள். 1950-ல் ராண்ட் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனத்தில் மெரில் ஃப்ளட், மெல்வின் டிரெஷர் இருவரும் அமைத்த கணக்கு அது. சேர்ந்து குற்றம் செய்த இருவரைத் தனித்தனியாக அடைத்து, ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுக்கச் சொல்லும் கைதிக் கதையைச் சேர்த்துப் பெயர் வைத்தவர் ஆல்பர்ட் டக்கர். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. கைதிகள் கணக்கில் கூட்டாளி காட்டிக்கொடுக்கும்போது நான் மட்டும் வாய் திறக்காமல் இருந்தால் எனக்குத் தண்டனை கூடும். அதனால் அங்கே பயந்து காட்டிக்கொடுப்பதில் ஒரு நியாயம் உண்டு, தன்னைக் காப்பாற்றிக்கொள்கிற நியாயம். டிவி ஆட்டத்தில் அது கிடையாது. எதிராளி திருடிவிட்டால் நான் பங்கை எடுத்தாலும் பூஜ்யம், திருட்டை எடுத்தாலும் பூஜ்யம். என் கையில் இருக்கும் திருட்டுப் பந்து திருடனிடமிருந்து என்னை ஒரு பைசாவுக்கும் காப்பாற்றாது. அது பலன் தருவது ஒரே ஒரு இடத்தில்தான்: எதிராளி என்னை நம்பிப் பங்கை எடுத்திருக்கும்போது.

இதை வகுப்பில் எழுதிக் காட்டும்போதெல்லாம் பிள்ளைகள் கொஞ்ச நேரம் கட்டத்தையே வெறித்துப் பார்ப்பார்கள். திருடியவர்கள் நிகழ்ச்சி முடிந்ததும் வழக்கமாகச் சொல்லும் சமாதானம், 'அவர் திருடிவிடுவாரோ என்று பயமாக இருந்தது' என்பது. அந்தப் பயத்துக்கு இந்த விதியில் மருந்தே கிடையாது. மிஞ்சுவது வீம்பு: எனக்குக் கிடைக்காதது அவனுக்கும் கிடைக்கக் கூடாது. அந்த வீம்பை நான் புரிந்துகொள்கிறேன், ஏமாந்து நிற்பது வலிக்கும். ஆனால் அதற்காக ஒரு நேர்மையான ஆளின் பாதியைப் பணயம் வைக்க எனக்கு மனம் வராது.

'கோல்டன் பால்ஸி'ல் 2008-ல் வந்த ஒரு பகுதியில் பரிசு 1,00,150 பவுண்டு, அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 80 லட்சம் ரூபாய். ஓர் ஆணும் ஒரு பெண்ணும். இருவரும் பங்கு என்றுதான் சொன்னார்கள். அவர் சொன்னபடி எடுத்தார், அந்தப் பெண் திருட்டை எடுத்தார். அந்தக் காணொளியின் கீழே எத்தனையோ பேர் அந்த ஆளை ஏமாளி என்று எழுதியிருக்கிறார்கள். எனக்கு அதைப் படிக்கவே பொறுக்காது. அவர் திருட்டை எடுத்திருந்தாலும் ஒரு பவுண்டுகூடக் கிடைத்திருக்காது. அப்புறம் எங்கே ஏமாளி?

இந்த நிகழ்ச்சியின் 287 பகுதிகளை வைத்து மூன்று பேர் செய்த ஆய்வு 2012-ல் வெளியானது. அவர்களில் ஒருவர் பின்னர் 2017-ல் நோபல் வாங்கிய ரிச்சர்ட் தேலர். அதில் பங்கை எடுத்தவர்கள் 53 சதவீதம். பரிசு பெரிதானால் பங்கு போடுகிறவர்கள் குறைகிறார்கள். இது யாரும் எதிர்பார்ப்பதுதான். என்னை நிறுத்தியது வேறு ஒன்று. சில நூறு பவுண்டு என்பது சாதாரண நாளில் நல்ல பணம். ஆனால் சற்று முன்பு ஆயிரக்கணக்கில் பார்த்த கண்ணுக்கு அது சில்லறையாகத் தெரிகிறது, உடனே தாராளமாகப் பங்கு போடுகிறார்கள். இளவட்ட ஆண்கள் பெண்களைவிட அதிகம் திருடுகிறார்கள். வயதான ஆண்களோ பங்கு போடுவதில் பெண்களையும் மிஞ்சுகிறார்கள். முந்தைய சுற்றில் தன்னை வெளியேற்ற ஓட்டுப் போட்டவரிடம் பங்கு போட மனம் குறைகிறது. ஆனால் 'இவர் நாணயமானவர்' என்று தோன்றும் ஆளிடம் கூடுதலாக நாணயம் காட்டுகிறார்களா என்றால், அப்படிப் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. அவரவர் குணத்தைத்தான் எடுத்து வெளியே வைக்கிறார்கள்.

உசிலம்பட்டிப் பக்கம் என் வீட்டுக்காரர் ஊரில் ஒரு மாட்டுப் பொங்கல் ராத்திரி, இளவட்டங்கள் இந்தச் சுற்றை அப்படியே நடத்தினார்கள். உறியடி, கோலம் எல்லாம் முடிந்து, வினாடி வினாவில் மிஞ்சிய இருவருக்கு நாலாயிரம் ரூபாய். காலண்டர் தாளைக் கிழித்து 'பங்கு', 'எனக்கே' என்று எழுதி ஆளுக்கு இரண்டு சீட்டு; ஒன்றைச் சில்வர் சொம்பில் போட வேண்டும். ஒருபக்கம் காலேஜ் முடித்த பையன், மறுபக்கம் அவனுக்குச் சித்தப்பா முறை, பால் சொசைட்டியில் பால் அளப்பவர். மைக் பிடித்தவன் சீட்டைப் பிரித்துப் படித்தான். சித்தப்பா பங்கு. பையன் எனக்கே. ஒரே விசில். பாயில் உட்கார்ந்திருந்த அவன் அப்பத்தா மட்டும் சத்தமாகக் கேட்டது: "அடேய், விடிஞ்சா அவன்கிட்டத்தானடா பால் ஊத்தணும், எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் போவ?"

மறுநாள் காலையில் பையன் போகவில்லை. பால் கேனோடு போனது அவன் அம்மா. முந்தியில் முடிந்து வைத்திருந்த இரண்டாயிரத்தை அவிழ்த்து நீட்டினார்கள். "விளையாட்டுக்குத்தான மதினி, பிள்ளைகிட்டயே குடுங்க" என்று சித்தப்பா கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். மதினி பேசவேயில்லை. பால் எழுதும் நோட்டைத் திறந்து, பணத்தை உள்ளே வைத்து, மூடிவிட்டு வந்துவிட்டார்கள்.

டிவிக்காரர்கள் கவனமாக வெட்டி எடுப்பது அந்த மறுநாள் காலையைத்தான். வெவ்வேறு ஊர்க்காரர்களைக் கூட்டி வந்து, முன்பின் தெரியாதவர்களாக எதிரெதிரே உட்கார வைத்து, ஆட்டம் முடிந்ததும் அவரவர் வழியில் அனுப்பிவிடுகிறார்கள். காதணி விழாவில் எழுதும் மொய் ஐந்து வருஷம் கழித்தும் வீடு தேடி வருகிறதென்றால், எழுதியவரும் வாங்கியவரும் அதே தெருவில் நடமாடுவதால்தானே. அதை எடுத்துவிட்டு, 'பாருங்கள் மனிதர்கள் எவ்வளவு பேராசைக்காரர்கள்' என்று காட்டுவது நியாயமில்லை. எனக்கு இந்தச் சுற்றின் மேல் உள்ள கோபமே இதுதான். நம் தமிழ் நிகழ்ச்சிகளில் இதுவரை அதிகம் பார்த்தது வேறு வகை. 2020 ஜனவரியில் 'கோடீஸ்வரி'யில் காது கேளாத, வாய் பேச முடியாத மதுரைப் பெண் ஒருவர் ஒரு கோடி ஜெயித்தார். அதற்காக யாருடைய பங்கையும் பிடுங்க வேண்டியிருக்கவில்லை. பிக் பாஸில் பணப்பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்புகிறவர்கூடத் தன் வாய்ப்பைத்தான் விற்கிறார்.

'பேச்சு நேரத்தில் தந்திரம் செய்து எதிராளியைப் பங்கு எடுக்க வைக்கலாமே' என்று கேட்பீர்கள். அதே 'கோல்டன் பால்ஸி'ல் ஒருவர் செய்திருக்கிறார். பரிசு 13,600 பவுண்டு. எல்லோரும் பங்கு என்று சத்தியம் செய்யும் இடத்தில் அவர், 'நான் கட்டாயம் திருடப் போகிறேன், நீங்கள் பங்கை எடுங்கள், வெளியே போய்ப் பாதி தருகிறேன்' என்றார். எதிரே இருந்தவர் கோபப்பட்டார், கெஞ்சினார். இவர் அசையவில்லை. இனித் திருடினால் நிச்சயம் பூஜ்யம், பங்கை எடுத்தால் ஒருவேளை பாதி கிடைக்கும் என்ற மூலைக்கு எதிராளியைத் தள்ளிவிட்டார். அவர் வேண்டாவெறுப்பாகப் பங்கை எடுத்தார். திறந்தால் தந்திரக்காரரும் பங்கையே எடுத்திருந்தார். இருவருக்கும் பாதிப் பாதி. நான் மேலே சொன்ன கட்டத்தை அவர் துல்லியமாகப் புரிந்துகொண்டிருந்தார். மூளைக்கு வணக்கம். ஆனால் அத்தனை நேரம் ஒரு மனிதரை அப்படித் தவிக்க விட என்னால் முடியாது.

நான் உட்கார்ந்தால் இவ்வளவுதான் பேசுவேன்: "நான் பங்கைத்தான் எடுக்கிறேன். நீங்க திருடுனீங்கன்னா எனக்கு ரெண்டு பந்துலயும் ஒண்ணுமில்ல, அதனால மாத்தி எடுக்க எனக்குக் காரணமே கிடையாது. உங்களுக்கு முழுசும் வேணும்னா எடுத்துக்கிடலாம். என்கிட்ட பயந்து எடுத்தேன்னு மட்டும் பெறகு சொல்லாதீங்க."