எக்ஸ்ரே இயந்திரம் தயாரிக்க ஆசையா? முதலில் சோதனை அறையைக் கட்டுங்கள்

கேள்வி: துவாக்குடியில் ஃபேப்ரிகேஷன் பட்டறை நடத்துகிறேன். கொதிகலன் பாகங்களுக்கான ஆர்டர் முன்புபோல் இல்லை. என் அக்கா மகன் பயோமெடிக்கல் படித்தவன். சென்னையில் எக்ஸ்ரே இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் நிறுவனத்தில் சில ஆண்டுகள் வேலை செய்திருக்கிறான். இருவரும் சேர்ந்து சொந்தப் பெயரில் எக்ஸ்ரே இயந்திரம் தயாரிக்க நினைக்கிறோம். குழாய் உட்பட எல்லாவற்றையும் நாங்களே செய்ய முடியுமா? என்னென்ன அனுமதி வேண்டும்? திருவையாற்றுப் பக்கம் குடும்ப நிலம் இருக்கிறது. அங்கே தொடங்கினால் டெல்டா பாதுகாப்புச் சட்டம் தடுக்குமா? கதிர்வீச்சு வயலைக் கெடுத்துவிடும் என்று அக்கம்பக்கத்தார் இப்போதே பேசுகிறார்கள்.

பதில்: எக்ஸ்ரே கதிரை உண்டாக்கும் குழாயைத் தயாரிக்கும் எண்ணத்தை இன்றே விட்டுவிடுங்கள். மற்றவற்றில் பலவற்றை நீங்கள் செய்யலாம். அதில் கணிசமான பகுதி உங்கள் பட்டறை ஏற்கெனவே அறிந்த வேலைதான்.

குழாயை ஏன் விடச் சொல்கிறேன் என்றால், அது வேறு உலகத்து வேலை. 100 கிலோவோல்ட் அழுத்தத்தில் 400 மில்லி ஆம்பியர் மின்னோட்டம் என்றால் 40 கிலோவாட். இவ்வளவு ஆற்றலும் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் அகலமுள்ள புள்ளியில் போய் மோதுகிறது. அதில் எக்ஸ்ரேயாக மாறுவது சுமார் 1 விழுக்காடுதான். மிச்சம் அத்தனையும் வெப்பம். ஒரே இடத்தில் மோதினால் டங்ஸ்டனே உருகிவிடும் என்பதால், மோதும் தகட்டை நிமிடத்துக்குச் சுமார் 3,000 முறையும், பெரிய குழாய்களில் 9,000 முறைக்கு மேலும் சுழற்றுகிறார்கள். அந்தச் சுழற்சி வெற்றிடத்துக்குள் நடக்கிறது. பேரிங்குக்கு எண்ணெயோ கிரீஸோ போட முடியாது; வெள்ளி, ஈயம் போன்ற உலோகப் பூச்சுதான் அங்கே மசகு. சூடேறிய இழையிலிருந்து எலக்ட்ரான்களைப் பெறும் குழாயை வில்லியம் கூலிட்ஜ் 1913இல் கொண்டுவந்தார். அடிப்படை இன்றும் அதுதான் என்றாலும், அதை நம்பகமாகச் செய்யும் நிறுவனங்கள் உலகம் முழுவதும் சிலவே. குழாயை வாங்குங்கள். படம் பிடிக்கும் டிஜிட்டல் டிடெக்டரையும் வாங்குங்கள். பெரிய பெயர் பெற்ற இயந்திர நிறுவனங்களில் பலவும் இவற்றை வெளியிலிருந்து வாங்கித்தான் பூட்டுகின்றன. இதில் குறைவு ஒன்றும் இல்லை.

உங்கள் கையில் மிஞ்சுவது ஸ்டாண்டு, நோயாளி படுக்கும் மேசை, மார்பு எக்ஸ்ரே எடுக்கும் தாங்கி, ஈயம் பொதிந்த கதவு, கட்டுப்பாட்டுப் பெட்டி, உயர் அழுத்த ஜெனரேட்டர். முதல் நான்கும் உங்கள் தொழில். ஆனால் ஓர் எச்சரிக்கை: குழாயும் ஒளிக்கற்றையை அளவாக வெட்டும் கொலிமேட்டரும் சேர்ந்த எடை, படுத்திருக்கும் மனிதருக்கு நேர் மேலே நிற்கப் போகிறது. மருத்துவ மின்கருவிகளுக்கான ஐஇசி 60601-1 என்னும் சர்வதேசத் தரநிலை இப்படித் தொங்கும் பாகங்களுக்குத் தனியாக வலிமை விகிதம் கேட்கிறது. எதிர்எடையின் கம்பிக் கயிறு அறுந்தாலும் தலைப்பகுதி அங்கேயே பிடித்து நிற்கும் பூட்டு கட்டாயம் இருக்க வேண்டும். கொதிகலன் வெல்டிங்குக்கு ஆய்வாளர் எவ்வளவு கறாராக வந்து நிற்பார் என்பது உங்களுக்குத் தெரியும். அந்தக் கறார் இங்கேயும் வேண்டும்.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது அடுத்தது. உங்களைப் போல் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இயந்திரத்தை முதலிலும் சோதனையைக் கடைசியிலும் வைத்துத் திட்டமிடுகிறார்கள். இந்தத் தொழிலில் வரிசையே தலைகீழ். இரும்பையும் மின்கம்பியையும் யாரும் பூட்டிவிடலாம். மருத்துவமனை உங்களிடம் காசு கொடுத்து வாங்குவது, '80 கிலோவோல்ட் என்று திருப்பினால் 80தான் வரும், வேறு எந்தப் பக்கமும் கதிர் கசியாது' என்ற உறுதியை. அந்த உறுதியை அளந்து காட்ட முடியாதவர் இயந்திரம் விற்கக் கூடாது. ஆகவே உங்கள் முதல் செலவு சோதனை அறையும் அளவுக் கருவிகளும்தான்.

அறைக்கு அளவு எப்படி? மருத்துவமனை எக்ஸ்ரே அறைகளுக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் 2001ஆம் ஆண்டு நெறித்தொகுப்பு 18 சதுர மீட்டர் பரப்பு கேட்டது. கற்றை நேராக விழும் சுவருக்கு 35 சென்டிமீட்டர் செங்கல், சிதறல் கதிர் மட்டும் படும் சுவருக்கு 23 சென்டிமீட்டர் செங்கல், கதவுக்கு 1.7 மில்லிமீட்டர் ஈயத் தகடு என்பது நெடுங்காலமாகப் புழங்கும் கணக்கு. அதைத் தொடக்கப் புள்ளியாக வையுங்கள். ஆனால் நீங்கள் நாள் முழுக்க, உச்ச அழுத்தத்தில், மீண்டும் மீண்டும் சுடப் போகிறீர்கள். மருத்துவமனையின் வேலைப்பளு வேறு, உங்களுடையது வேறு. சுவர் கனத்தை உங்கள் வேலைப்பளுவுக்குக் கணக்கிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். கதிர் தப்பிப்பது பெரும்பாலும் நடுச்சுவரில் அல்ல. ஸ்விட்ச் பெட்டிக்காகக் குடைந்த குழி, ஏசி குழாய்க்காகப் போட்ட துளை, கதவுக்கும் நிலைக்கும் இடையே உள்ள இடுக்கு, ஈயத் தகட்டை அறைந்த ஆணித் துளை ஆகியவற்றைத்தான் முதலில் சந்தேகியுங்கள்.

அளவுக் கருவியில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. எக்ஸ்ரே வெளிப்பாடு பத்தில் ஒரு வினாடியில் முடிந்துவிடும். கதிர் அளக்கும் சாதாரண சர்வே மீட்டர் நிலைத்து அளவு காட்டச் சில வினாடிகள் ஆகும். அதற்குள் கதிர் நின்றுவிடுவதால் முள் பாதி தூரம்கூட ஏறாது. 'கசிவே இல்லை' என்று மகிழ்ந்துவிடுவீர்கள். அதுபோலத் துடிப்பாக வரும் கதிரில் கைகர் கவுண்டரையும் நம்ப முடியாது. அயனி அறை (ஐயன் சேம்பர்) வகை மீட்டரை வாங்குங்கள். குறைந்த மின்னோட்டத்தில் நீண்ட வெளிப்பாடு கொடுத்து அளவிடுங்கள், அல்லது மொத்த அளவைச் சேர்த்துக் காட்டும் முறையில் வைத்து அளவிடுங்கள். அளவீட்டுத் திருத்தச் சான்றிதழ் காலாவதியான மீட்டர் காட்டும் எண்ணுக்கு மதிப்பில்லை.

எதையெல்லாம் அளக்க வேண்டும்? மின்னழுத்தம் காட்டிய எண்ணிலிருந்து 5 கிலோவோல்ட்டுக்கு மேல் விலகக் கூடாது. நேரக் கணிப்பு 10 விழுக்காட்டுக்குள் நிற்க வேண்டும். விளக்கு ஒளி காட்டும் சதுரமும் கதிர் விழும் சதுரமும் குழாய்க்கும் படத்துக்கும் இடையே உள்ள தூரத்தில் 2 விழுக்காட்டுக்குள் பொருந்த வேண்டும். கொலிமேட்டரை முழுதும் மூடிவிட்டு, குழாய் உறையைச் சுற்றி ஒரு மீட்டர் தொலைவில் எங்கே அளந்தாலும் கசிவு ஒரு மணி நேரத்தில் 1 மில்லிகிரேயைத் தாண்டக் கூடாது.

அடுத்தது அலுமினிய வடிகட்டி. விலையில் மிகச் சின்னப் பொருள். அதை விட்டவர்களை நான் மன்னிக்கமாட்டேன். குழாயிலிருந்து வரும் கற்றையில் வலுவற்ற கதிர்களும் கலந்திருக்கும். அவை உடலைக் கடந்து படத்தை எட்டுவதில்லை. தோலிலேயே உறிஞ்சப்பட்டு நின்றுவிடும். நோயாளிக்குக் கதிரளவு ஏறும், படத்துக்குத் துளிப் பயனும் இல்லை. 70 முதல் 100 கிலோவோல்ட் வரை 2 மில்லிமீட்டர், 100க்கு மேல் 2.5 மில்லிமீட்டர் அலுமினியத்துக்குச் சமமான மொத்த வடிகட்டல் இதற்காகத்தான். பழுதுபார்க்கும்போது கழற்றிய வடிகட்டியைத் திரும்பப் பூட்ட மறந்த இயந்திரம்கூட நன்றாகவே படம் எடுக்கும். யாருக்கும் தெரியாது. அளந்தால்தான் தெரியும்.

ஜெனரேட்டருக்கு வருகிறேன். 125 கிலோவோல்ட்டை எர்த் இணைப்பின் மின்னழுத்தத்துக்கு மேலே பாதி, கீழே பாதி என்று பிரித்துக் கொடுப்பதால் ஒவ்வொரு கேபிளும் 62.5 கிலோவோல்ட் தாங்கினால் போதும். மின்மாற்றி எண்ணெய்க்குள் மூழ்கியிருக்கும். டெல்டாவில் எண்ணெய்தான் உங்கள் முதல் எதிரி. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் காற்றில் இருக்கும் ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும். ஈரம் ஏறிய எண்ணெயிலும், உள்ளே தங்கிய காற்றுக் குமிழிலும் பொறி தாவும். விலை கொடுத்து வாங்கிய குழாய் அத்தோடு போய்விடும். வெற்றிடத்தில் வைத்துச் சூடாக்கிக் காற்றையும் ஈரத்தையும் நீக்கிய பிறகே எண்ணெய் நிரப்புங்கள். ஒவ்வொரு முறையும் இரு மின்முனைகளுக்கு இடையே 2.5 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, எண்ணெயில் பொறி தாவும் மின்னழுத்தத்தை, அதாவது முறிவு அழுத்தத்தை, சோதித்து எழுதி வையுங்கள். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் விற்பதாக இருந்தால் உப்புக்காற்றையும் கணக்கில் கொண்டு இணைப்பிகளைத் தேர்ந்தெடுங்கள். எடுத்த எடுப்பில் ஜெனரேட்டரையும் வாங்கிப் பூட்டுவதே நல்லது. உங்கள் அக்கா மகன் அதன் உள்வேலையைக் கற்றுத் தேறட்டும். சொந்த ஜெனரேட்டர் இரண்டாம் மாடலில் வரட்டும்.

அனுமதி இரண்டு வாசல்களில் வாங்க வேண்டும். முதலாவது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம். அதன் 'இலோரா' இணையதளத்தில் நிறுவனத்தைப் பதிவு செய்து, மாதிரி இயந்திரத்துக்கான அனுமதியை முன்கூட்டியே பெற வேண்டும். செய்து முடித்துவிட்டுப் போய்க் கேட்கக் கூடாது. பயிற்சி பெற்ற கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். கதிர் அறையில் வேலை செய்யும் எல்லோருக்கும், உடலில் படும் கதிரளவைப் பதிவு செய்யும் டிஎல்டி பட்டை வேண்டும். மாதிரி தேறினால் அந்த மாடலுக்கு வகை ஒப்புதல் கிடைக்கும். பிறகுதான் வணிகத் தயாரிப்பு உரிமம். வாரியத்தின் தெற்கு மண்டல மையம் சென்னையில் இருக்கிறது.

இரண்டாவது, 2017ஆம் ஆண்டின் மருத்துவச் சாதன விதிகள். அயனியாக்கும் கதிரை உமிழும் நோயறி கருவிகள், ஆபத்தின் அளவை வைத்து இந்த விதிகள் பிரித்த வகுப்புகளில் 'சி' வகுப்பு. எனவே தயாரிப்பு உரிமத்தை மாநில அலுவலகம் தராது. மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு தர வேண்டும். சோதனைக்காக மட்டும் செய்யும் முதல் மாதிரிக்கு எம்டி-12 படிவத்தில் விண்ணப்பித்து எம்டி-13 அனுமதி பெறுங்கள். மருத்துவச் சாதனத் தயாரிப்புக்கான ஐஎஸ்ஓ 13485 தர முறையை முதல் நாளிலிருந்தே கடைப்பிடியுங்கள். எந்த இயந்திரத்தில் எந்தக் குழாய், யார் பூட்டினார், எந்த மீட்டரால் அளந்தார் என்ற ஏட்டைப் பின்னால் உட்கார்ந்து எழுதிச் சேர்க்க முடியாது. மின்காந்த இடையூறு சோதனைக்குச் சென்னை தரமணியில் 'சமீர்' மையம் இருக்கிறது.

இதற்கெல்லாம் காலம் பிடிக்கும். அதுவரை பட்டறை ஓட வேண்டும் அல்லவா? அனுமதி பெற்ற நிறுவனங்களுக்கு ஸ்டாண்டும் மேசையும் செய்து கொடுங்கள். மருத்துவமனைகளுக்கு ஈயக் கதவு செய்து கொடுங்கள். திருச்சியில் பற்றவைப்பு மூட்டுகளை எக்ஸ்ரே எடுத்துச் சோதிக்கும் நிறுவனங்கள் நிறைய. கதிர் தடுக்கும் அடைப்புகள் அவர்களுக்கும் தேவை. ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: மருத்துவமனை கழித்துப்போட்ட குழாய்த் தலையை வாங்கி, வர்ணம் பூசிய புது ஸ்டாண்டில் மாட்டிப் புதிதென்று விற்காதீர்கள். அந்தக் குழாயின் கீழே படுப்பது எங்கோ ஒரு சிற்றூர் ஆஸ்பத்திரிக்கு நம்பி வந்த கர்ப்பிணியாகவோ குழந்தையாகவோ இருக்கலாம்.

நிலத்துக்கு வருவோம். நீங்கள் கேட்ட டெல்டா பாதுகாப்புச் சட்டம், அதாவது 2020ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம், தஞ்சாவூர் மாவட்டத்துக்குப் பொருந்தும். அது தடை செய்திருப்பது உலோக உருக்காலைகள், தோல் பதனிடுதல், எண்ணெய் எரிவாயு அகழ்வு போன்றவற்றை. எக்ஸ்ரே இயந்திரம் பூட்டும் பட்டறை அந்தப் பட்டியலில் இல்லை. ஆனாலும் திருவையாறு வேண்டாம் என்பதே என் கருத்து. நஞ்சையைப் பட்டறையாக்க நில வகை மாற்றம் வாங்க வேண்டும். அதைவிட முக்கியம், ஆற்றுப்படுகைக் களிமண் மழையில் ஊறி உப்பிவிடும், கோடையில் வெடிக்கும். அதன்மேல் 35 சென்டிமீட்டர் சுவர் எழுப்பினால் அடித்தளம் இறங்கி விரிசல் விடலாம். சாதாரண வீட்டில் விரிசல் அழகுக் குறை. கதிர் அறையில் அது கசிவு. துவாக்குடியில் இருக்கும் இடத்திலேயே தொடங்குங்கள். நிலத்தில் நெல்லே விளையட்டும்.

அக்கம்பக்கத்தாரின் பயம் நியாயமானது, அதைத் தட்டிக்கழிக்காதீர்கள். 2010இல் டெல்லி மாயாபுரி பழைய இரும்புச் சந்தையில் ஒருவர் உயிரிழந்தது எல்லோர் நினைவிலும் இருக்கிறது. அங்கே வெளியானது கோபால்ட்-60 என்னும் கதிரியக்கப் பொருள். அது தானாகவே ஓயாமல் கதிர் வீசும். எக்ஸ்ரே குழாயில் அப்படி எதுவும் இல்லை. விளக்கை அணைத்த பின் அறையில் வெளிச்சம் தங்காததுபோல், மின்சாரம் நின்ற கணமே கதிரும் நின்றுவிடும். மண்ணிலோ நீரிலோ நெல்லிலோ அது ஒட்டாது.

அவர்கள் உண்மையில் கேட்க வேண்டியது ஈயத்தைப் பற்றி. தகட்டை வெட்டும்போதும் சுரண்டும்போதும் பறக்கும் தூள், உருக்கினால் எழும் புகை, இவைதான் உங்கள் தொழிலாளிகளுக்கும் வாய்க்கால் நீருக்கும் நிஜமான கேடு. ஈய வேலைக்குத் தனி அறையும் தூசி உறிஞ்சியும் வையுங்கள். வேலை உடையை வீட்டுக்குக் கொண்டுபோக விடாதீர்கள். இரத்தத்தில் ஈய அளவை முறையாகச் சோதியுங்கள். கழிவைப் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் மட்டும் கொடுங்கள். சோதனை அறை தயாரானதும், பக்கத்துப் பட்டறைக்காரர்களை அழைத்து, இயந்திரம் ஓடும்போது சுவருக்கு வெளியே அவர்கள் கண்முன்னே அளந்து காட்டுங்கள். பொதுமக்களுக்கான வரம்பு ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட், அதாவது வாரத்துக்கு ஏறக்குறைய 20 மைக்ரோசீவர்ட் என்பதையும் அந்த அளவீட்டுத் தாளிலேயே எழுதி, ஒரு நகலை உள்ளூர் நிர்வாக அலுவலகத்திலும் கொடுத்து வையுங்கள்.